ஜூஜுவாடிக்கு இப்பாலும் அப்பாலும்

பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பிலிருந்து ஓசூர் சாலையில் இறங்கினால் பொம்மனஹள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா, சந்தாபுரா என்று வழி நெடுகக் கம்பெனிகள். அத்திப்பள்ளி கடந்ததும் ஜூஜுவாடி; அது தமிழ்நாடு. சற்றுத் தள்ளி ஓசூர் சிப்காட். அத்திப்பள்ளியில் குடியிருந்து ஓசூரில் வேலை பார்ப்பவர்களும், ஓசூரில் வாடகைக்கு இருந்துகொண்டு பொம்மசந்திராவுக்குக் கம்பெனி பஸ் ஏறுபவர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் பட்டறை வைத்திருக்கும் முதலாளிகளும் உண்டு, அவர்களில் தமிழர்கள் கணிசம்.

ஒரே மிஷின், ஒரே வேலை, சில நேரம் ஒரே கான்ட்ராக்டர். ஆனால் சட்டம் வேறு. நவம்பர் 1 கன்னட ராஜ்யோத்சவம். கர்நாடகத்தின் 1963-ஆம் ஆண்டு தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி அன்று சம்பளத்துடன் கட்டாய விடுமுறை. ஜூஜுவாடிக்கு இப்பால் அது வழக்கமான வேலை நாள். கடைகள், அலுவலகங்களுக்கான சட்டத்தை எடுத்தால், கர்நாடகத்தின் 1961-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் என்கிறது. தமிழ்நாட்டின் 1947-ஆம் ஆண்டுச் சட்டம் எட்டு மணி நேரம் என்கிறது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதில் இரண்டும் ஒன்றுதான். இந்த மாதிரி வித்தியாசங்களைப் பட்டியல் போட்டுச் சம்பளப் பிரிவின் சுவரில் ஒட்டிவைத்தால் போதும் என்று பல முதலாளிகள் நினைக்கிறார்கள். போதாது. இரண்டு மாநிலங்களும் உண்மையில் பிரிவது வேறோர் இடத்தில்: வேலை செய்கிற ஆளை எந்தப் பெயரில் பதிவேட்டில் எழுதுகிறோம், அந்தப் பெயருக்கு எத்தனை நாள் ஆயுள் என்பதில். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் நேரத்தையும் கூலியையும் முதலில் பார்த்துவிடுவோம். அங்கேதான் இரு மாநிலங்களின் குணம் வெளிப்படையாகத் தெரிந்தது.

2023-ஆம் ஆண்டில் சில வார இடைவெளியில் இரண்டு சட்டமன்றங்களும் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறந்தன. பிப்ரவரியில் கர்நாடகம் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியது. அரசு அறிவிக்கை வெளியிட்டால், குறிப்பிட்ட வகைத் தொழிற்சாலைகளில் ஓய்வு நேரத்தையும் சேர்த்து நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்கலாம். வாரத்துக்கு 48 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. தொழிலாளி எழுத்துமூலம் சம்மதிக்க வேண்டும். வாரத்தின் மீதி நாட்கள் சம்பளத்துடன் விடுமுறை. மூன்று மாதத்துக்கான ஓவர்டைம் உச்சவரம்பு 75 மணியிலிருந்து 144 மணியாக உயர்ந்தது. இரவு ஷிப்டில் பெண்கள் வேலை செய்யவும் நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது.

ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவின் அமைப்பு வேறு. அது 65-ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்து, எந்தத் தொழிற்சாலைக்கும் அல்லது தொழிற்சாலைத் தொகுதிக்கும் வேலை நேர விதிகளிலிருந்து விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அரசின் கையில் கொடுத்தது. ஆளும் கூட்டணியின் இடதுசாரிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் காங்கிரசும் எதிர்த்தார்கள். தொழிற்சங்கங்கள் கொடி பேதமில்லாமல் கொதித்தன. ஏப்ரல் 24-இல் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று, சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில், அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். சென்னைக் கடற்கரையில் 1923-இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியதற்கு அன்றோடு சரியாக நூறு ஆண்டு. அந்த நாளில் எட்டு மணி நேரத்தைக் கைவிட்ட அரசாகப் போய் நிற்க எந்தத் தமிழ்நாட்டு அரசாலும் முடிந்திருக்காது.

கர்நாடகத்தில் அப்படி ஓர் அலை எழவில்லை. இதைக் கன்னடத் தொழிலாளர்களின் அசட்டை என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. 2020 மே 22-இல், கொரோனாவைக் காட்டி, நாளுக்குப் பத்து மணி நேரம் வாரத்துக்கு அறுபது மணி நேரம் என்று கர்நாடக அரசு அறிவிக்கை வெளியிட்டது. உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு வந்ததும் ஜூன் 11-இல் அதைத் திரும்பப் பெற்றது. குஜராத் அரசின் இதே போன்ற அறிவிக்கைகளை அவ்வாண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2016 ஏப்ரல் 18, 19 தேதிகளில் பிஎஃப் பணத்தை எடுப்பதற்கு விதித்த கட்டுப்பாட்டை எதிர்த்து, பெங்களூரின் கார்மென்ட்ஸ் பெண்கள் இதே ஓசூர் சாலையில் பொம்மனஹள்ளியில் உட்கார்ந்து நகரத்தையே நிறுத்தினார்கள். பெரும்பாலும் சங்கத்தில் சேராத பெண்கள். மத்திய அரசு இரண்டாம் நாளே பணிந்தது. எதிர்ப்புக்குக் குறைவில்லை. தமிழ்நாட்டில் சங்கங்கள் ஆளுங்கட்சியின் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன, பெங்களூரில் அவை கோட்டைக்கு வெளியே நிற்கின்றன என்பதே வித்தியாசம்.

கர்நாடகத் திருத்தத்தில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. முதலாளிகள் அதைச் சலுகையாகவும் தொழிலாளர்கள் இழப்பாகவும் பார்க்கலாம். நான் இழப்பு என்றே சொல்வேன். பழைய சட்டத்தில் ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்தைத் தாண்டியதும் இரட்டிப்புக் கூலி. திருத்தத்துக்குப் பிறகு, வாரத்துக்கு நான்கு நாள் வேலை என்று போட்டுக்கொண்டால், நாளொன்றுக்குப் பதினொன்றரை மணி நேரம் தாண்டினால்தான் ஓவர்டைம். ஒன்பதுக்கும் பதினொன்றரைக்கும் நடுவே இரண்டரை மணி நேரம். நான்கு நாளுக்குப் பத்து மணி நேரம். முன்பு இரட்டிப்புக் கூலிக்கு உரியதாக இருந்த நேரம் அது, திருத்தத்தால் சாதாரணக் கூலி நேரமானது. மூன்று நாள் விடுமுறை கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது. ஆனால் தையல் மிஷின் முன்னால் பதினோராவது மணி நேரம் உட்கார்ந்திருப்பவரின் முதுகு, வாரக் கணக்கைப் பார்த்து வலிப்பதில்லை. எழுத்துமூலச் சம்மதம் என்பதும், வேலைக்குச் சேரும் நாளிலேயே பத்துப் பதினைந்து தாள்களில் கையெழுத்து வாங்கும் வழக்கம் உள்ள இடத்தில், எவ்வளவு தூரம் சம்மதம் என்று யோசிக்க வேண்டும்.

கூலியில் ஒரு சுவையான கொடுக்கல் வாங்கல் உண்டு. 1957-இல் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலியைக் கணக்கிட ஒரு முறை வகுத்தது: ஒரு சம்பாதிப்பவருக்கு மூன்று பேரின் சாப்பாடு, ஆளுக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி, வாடகை, அதோடு எரிபொருள் உள்ளிட்டவற்றுக்கு இருபது சதவீதம். ரெப்டகோஸ் பிரெட் என்ற மருந்துக் கம்பெனியின் சென்னைத் தொழிற்சாலையில் எழுந்த பஞ்சப்படித் தகராறு உச்ச நீதிமன்றம் வரை போனபோது, 1991-இல் நீதிமன்றம் அந்தக் கணக்கோடு இன்னும் 25 சதவீதத்தைச் சேர்த்தது. பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், பண்டிகை, கல்யாணம், முதுமை ஆகியவற்றுக்காக. சென்னைத் தொழிலாளர்கள் வாங்கிய அந்தத் தீர்ப்பை இன்று மிகத் தீவிரமாகக் கையில் வைத்திருப்பது பெங்களூரின் சங்கங்கள். 2025 ஏப்ரலில் கர்நாடகம் வெளியிட்ட வரைவு அறிவிக்கை, தொழில்வாரியாகச் சிதறிக் கிடந்த கூலி அட்டவணைகளை ஒன்றாக்கி, அந்தத் தீர்ப்பின் அடிப்படையில் கூலியை வெகுவாக உயர்த்த முன்வந்தது. முதலாளிகள் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. தமிழ்நாட்டில் கூலி இன்னமும் தொழில்வாரியாகத்தான் போகிறது. தையல் தொழிலுக்கான 2014-ஆம் ஆண்டு உயர்வை முதலாளிகள் எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றம் போனார்கள். 2016-இல் நீதிமன்றம் உயர்வை நிலைநிறுத்தும் வரை பெண்கள் காத்திருந்தார்கள்.

ஆனால் அரசு ஒரு தொகையை அறிவித்துவிட்டால் அது கைக்கு வந்துவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம். 2020 ஏப்ரலில் கர்நாடகத்தில் பஞ்சப்படி மாதம் 417 ரூபாய் 60 காசு உயர்ந்திருக்க வேண்டும். அரசு அதைத் தள்ளிப்போட முயன்றது; உயர்நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது; அதற்குப் பிறகும் ஏராளமான கார்மென்ட்ஸ் கம்பெனிகள் பிடிவாதமாகக் கொடுக்காமல் இருந்தன. வெளிநாட்டில் துணி வாங்கும் பிராண்டுகளின் வாசலில் போய்ச் சங்கங்களும் அவற்றுக்குத் துணை நின்ற அமைப்புகளும் தட்டிய பிறகே, 2022 வாக்கில் பாக்கி வரத் தொடங்கியது. ஒரு மாநிலச் சட்டத்தை அமல்படுத்த லண்டனிலும் நியூயார்க்கிலும் இருக்கும் கடைக்காரர்களின் கூச்சம் தேவைப்பட்டது என்பது நம் ஆய்வாளர் முறை எவ்வளவு மெலிந்துவிட்டது என்பதற்குச் சாட்சி.

இனி பெயருக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம். இருபத்துநான்கு மாதங்களில் 480 நாட்கள் தொடர்ந்து வேலை செய்துவிட்டால் அந்தத் தொழிலாளி நிரந்தரம் ஆகிவிடுகிறார். முதலாளி ஆர்டர் கொடுக்க வேண்டும் என்பதில்லை, நாட்கள் கூடினால் போதும். நோய், அனுமதிக்கப்பட்ட விடுப்பு, விபத்து, கதவடைப்பு இவற்றால் விட்டுப்போன நாட்கள் தொடர்ச்சியை முறிக்காது. பருவகால வேலைகளுக்கும் சிறிய நிறுவனங்களுக்கும் இது பொருந்தாது. கட்டுமானத் தொழிலாளர்களுக்கும் இல்லை. ஆனால் சிப்காட்டில் நிற்கும் ஒரு நடுத்தரத் தொழிற்சாலைக்கு இது தவிர்க்க முடியாத சட்டம்.

ஜூஜுவாடிக்கு அப்பால் இதற்கு ஈடான சட்டம் இல்லை. 2025 நவம்பர் வரை அமலில் இருந்த தொழிற்தகராறுச் சட்டத்தின்படி ஓர் ஆண்டில் 240 நாள் வேலை செய்தவரை ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத நோட்டீசும், ஆண்டுக்குப் பதினைந்து நாள் கூலி வீதம் இழப்பீடும் தர வேண்டியிருந்தது. அது நீக்கப்படும்போது கிடைக்கும் பணம் மட்டும்தான். பத்து ஆண்டு தற்காலிகமாக இருந்தாலும் நிரந்தரம் என்ற சொல் தானாக வந்து சேராது. இன்னும் ஒரு படி மேலே, நிரந்தரம் கேட்பவர்களை மறுக்க நாடு முழுக்க எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பே கர்நாடகத்தில் பிறந்ததுதான். வணிகவரித் துறையில் தினக்கூலியாகப் பல்லாண்டு உழைத்தவர்களின் வழக்கு அது. 2006 ஏப்ரல் 10-இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, முறையான தேர்வு வழியே வராதவர்களுக்கு நீண்ட காலப் பணி ஒன்றே நிரந்தர உரிமை தந்துவிடாது என்றது. அது அரசுப் பணிக்கான தீர்ப்பு. ஆனால் தனியார் கம்பெனிகளின் மனிதவள அதிகாரிகளும் அதையே மந்திரம் போலச் சொல்லக் கேட்டிருக்கிறேன். தனியார் முதலாளிக்கு அது கேடயம் ஆகாது. ஓசூரில் கண்டிப்பாக ஆகாது.

சரி, 480 நாள் சட்டம் இருப்பதால் ஓசூர்த் தொழிலாளி பாதுகாப்பாக இருக்கிறாரா? சட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே அதைச் சுற்றிப் போகும் பாதையும் தேய்ந்திருக்கிறது. 470-ஆம் நாள் வேலை முடிந்தது என்று அனுப்பிவிட்டு மறுமாதம் வேறொரு கான்ட்ராக்டர் பெயரில் அதே மிஷினில் நிறுத்துவது. ஐடிஐ முடித்து வந்தவரைப் பயிற்சியாளர் என்றே இரண்டு மூன்று ஆண்டு வைத்திருப்பது. உற்பத்தி வரிசையில் நிற்பவரை ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்டின் கீழ்க் காட்டுவது. இவை யாருக்கும் தெரியாத ரகசியங்கள் அல்ல. ஆனால் இங்கே ஒரு வித்தியாசம் முக்கியம்: ஓசூரில் இப்படிச் செய்பவர் சட்டத்தை ஏமாற்றுகிறார், ஆகவே வருகைப் பதிவும் சம்பளச் சீட்டும் கையில் இருக்கும் தொழிலாளி லேபர் ஆபீசர் முன்னால் போய் நிற்க இடம் இருக்கிறது. பொம்மசந்திராவில் அதையே செய்பவர் பெரும்பாலும் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறார்.

அப்படி உள்ளே இருப்பதும் எப்போதும் பத்திரமில்லை. 2020 டிசம்பர் 12-இல் கோலார் மாவட்டம் நரசாபுராவில் விஸ்ட்ரான் ஐபோன் தொழிற்சாலையைத் தொழிலாளர்கள் நொறுக்கியது நினைவிருக்கலாம். அதற்கு முந்தைய சில மாதங்களில் ஆட்களின் எண்ணிக்கை இரட்டிப்பாகியிருந்தது. மிகப் பெரும்பாலோர் ஆறு ஏழு கான்ட்ராக்டர்கள் மூலம் வந்தவர்கள். ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரமாக மாறியது. வருகைப் பதிவும் ஓவர்டைம் கணக்கும் குளறுபடி. கையில் வந்த சம்பளத்தைப் பார்த்துப் பொறுமை உடைந்தது. விஸ்ட்ரான் தவற்றை ஒப்புக்கொண்டது, மேலதிகாரியை நீக்கியது. ஆப்பிள் புதிய ஆர்டர்களை நிறுத்திவைத்தது. அங்கே மிஷின்களை உடைத்ததை நான் நியாயப்படுத்தமாட்டேன். ஆனால் கேட்கச் சங்கமும் இல்லை, எனக்கு யார் முதலாளி என்ற கேள்விக்குப் பதிலும் இல்லை என்றால் கோபம் போக வேறு வாசல் இருக்காது. ஸ்ரீபெரும்புதூரில் 2024 செப்டம்பரில் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தபோது ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. அவர்கள் பெரும்பாலும் நிரந்தரத் தொழிலாளர்கள். கேட்டது சங்கத்துக்கு அங்கீகாரம். முதலாளிகள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நிரந்தரத் தொழிலாளி செலவு என்று கணக்குப் போடுகிறவர்கள், நிரந்தரமில்லாத தொழிலாளியின் செலவை ஒருபோதும் எழுதுவதில்லை.

இதுவரை படித்தவர்களுக்குத் தமிழ்நாடு ஒரு படி மேல் என்று தோன்றியிருக்கும். துப்புரவுப் பணிக்கு வந்தால் படம் தலைகீழாகிறது. பெங்களூரின் பௌரகார்மிகர்கள் பல்லாண்டு கான்ட்ராக்டர்களிடம் கிடந்து உழன்றவர்கள். தலித் பெண்கள் பெரும்பான்மை. முதலில் கான்ட்ராக்டரை விலக்கி மாநகராட்சியே நேரடியாகச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று போராடி வென்றார்கள். 2022 ஜூலையில் வேலைநிறுத்தம். 2025 மே தினத்தன்று 12,692 பேருக்கு நிரந்தரப் பணி ஆணையை முதலமைச்சர் சித்தராமையா வழங்கினார். 480 நாள் சட்டம் இல்லாத மாநிலத்தில் இது நடந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவைத் தனியாருக்குக் கொடுக்கக்கூடாது, எங்களை நிரந்தரமாக்குங்கள் என்று தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. மிகச் சிறந்த தொழிலாளர் சட்டங்களில் ஒன்றைத் தனியாருக்காக எழுதிய அரசு, தன் சொந்த வாசலில் அதன் உணர்வை மதிக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு வருத்தம்; சொல்லாமல் விட்டால் இந்த ஒப்பீடு பொய்யாகிவிடும்.

மென்பொருள் துறையிலும் இரண்டு போக்குகள். பெங்களூரின் கம்பெனிகளுக்குத் தொழிலக நிலையாணைச் சட்டத்திலிருந்து கர்நாடக அரசு விலக்குக் கொடுத்துவந்தது. 2014, 2019, 2024 என்று ஐந்தைந்து ஆண்டாக அது நீட்டிக்கப்பட்டது. குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும், பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழு இருக்க வேண்டும், பணிநீக்கம் போன்ற நடவடிக்கைகளைத் தொழிலாளர் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நிபந்தனைகள் இருந்தன. 2024 ஜூலையில் பதினான்கு மணி நேர வேலைக்கு வழிவிடும் யோசனை வந்தபோது, 2017-இல் தொடங்கிய கர்நாடக ஐடி ஊழியர் சங்கம் தெருவில் இறங்கியது. தமிழ்நாட்டிலோ, 2014 இறுதியில் எழுந்த ஆட்குறைப்பு அச்சத்துக்குப் பிறகு விஷயம் நீதிமன்றம் போய், 2016-இல் மாநில அரசே தெளிவாகச் சொன்னது: ஐடி ஊழியர்களும் சங்கம் வைக்கலாம், தொழிற்தகராறுச் சட்டத்தில் அவர்களுக்கு விலக்கு ஏதுமில்லை. இங்கே இன்னொன்று. டீம் லீட், அசிஸ்டன்ட் மேனேஜர் என்று பதவிப் பெயரை உயர்த்திவிட்டால் ஊழியர் சட்டத்துக்கு வெளியே போய்விடுவார் என்ற நம்பிக்கை இரு பக்கமும் பலமாக இருக்கிறது. நீதிமன்றங்கள் பதவிப் பெயரைப் பார்ப்பதில்லை. அவருக்குக் கீழே யாராவது இருக்கிறார்களா, விடுப்பை அவர் அனுமதிக்கிறாரா, ஒருவரை எடுக்கவோ நீக்கவோ அவர் சொல் செல்லுமா என்று பார்க்கின்றன. நாளெல்லாம் கோட் எழுதுகிறவர் எந்தப் பட்டம் கொடுத்தாலும் கோட் எழுதுகிறவர்தான்.

பெங்களூர் முன்னே போய்விட்ட இடம் டெலிவரித் தொழிலாளர். சாப்பாடு கொண்டுவருபவரும் டாக்சி ஓட்டுபவரும் ஆப்பின் பார்வையில் ஊழியர் அல்ல, பங்காளி. பங்காளிக்குக் குறைந்தபட்சக் கூலி கிடையாது, வேலை நேரம் கிடையாது, பிஎஃப் இல்லை, ஈஎஸ்ஐ இல்லை. இவர்கள் ஊழியரா, பங்காளியா என்ற கேள்விக்கு உலகம் ஒரே பதில் சொல்லவில்லை. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021-இல் ஊபர் ஓட்டுநர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி உண்டு என்றது. ஆப்பைத் திறந்து சவாரிக்குத் தயாராக இருக்கும் நேரத்தையும் வேலை நேரமாகக் கொண்டது. கலிபோர்னியாவில் அவர்களை ஊழியராகக் கருதும் சட்டம் 2020-இல் அமலுக்கு வந்தது, அதே ஆண்டு நவம்பரில் கம்பெனிகள் பெரும் பணம் செலவழித்து வாக்கெடுப்பில் அதிலிருந்து தப்பின.

கர்நாடகம் மூன்றாவது வழியில் போனது. ராஜஸ்தான் 2023-இல் நாட்டில் இவ்வகையின் முதல் சட்டத்தை இயற்றியது. கர்நாடகம் 2025 மே மாதம் அவசரச் சட்டமாகவும், ஆகஸ்டில் சட்டமன்றத்தில் நிறைவேற்றிச் சட்டமாகவும் கொண்டுவந்தது. தொழிலாளியை ஊழியர் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் தொழிலாளிக்குத் தரும் தொகையில் ஒன்று முதல் ஐந்து சதவீதம் வரை கம்பெனி நலநிதிக்குச் செலுத்த வேண்டும். எல்லோரும் பதிவு செய்யப்பட வேண்டும். கணக்கை முடக்கி ஒருவரை நீக்குவதென்றால் காரணத்தை எழுத்தில் சொல்லி பதினான்கு நாள் அவகாசம் தர வேண்டும். கணினி எதை வைத்து ஆர்டர் ஒதுக்குகிறது, எதை வைத்து மதிப்பெண் போடுகிறது என்பதைத் தொழிலாளி கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். காலையில் எழுந்து பார்த்தால் ஐடி பிளாக் ஆகியிருக்கும், கேட்க ஓர் ஆள் இருக்காது. அந்த நிலையில் இருந்தவர்களுக்கு இந்தப் பதினான்கு நாள் எவ்வளவு பெரிது என்பது அந்த வேலையைச் செய்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு மணி நேர உழைப்புக்குக் குறைந்தது இவ்வளவு என்ற வரி இந்தச் சட்டத்தில் இல்லை. மழையில் உணவகத்து வாசலில் காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி இல்லை.

தமிழ்நாடு 2023 ஆகஸ்ட் 15-இல் அறிவித்து, ஆண்டு முடிவதற்குள் ஒரு நலவாரியம் அமைத்தது. 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் ஏற்கெனவே இருக்கும் வாரியங்களோடு இன்னொன்று. மின்சார ஸ்கூட்டர் வாங்க 20,000 ரூபாய் மானியம், சென்னையில் குளிர்சாதன ஓய்வறைகள் எல்லாம் வந்தன. வரவேற்க வேண்டியவையே. ஆனால் பணம் அரசின் பையிலிருந்து போகிறது. லாபம் பார்க்கும் கம்பெனியின் தலையில் மாநிலச் சட்டப்படி ஒரு கடமையும் ஏறவில்லை. ஐடி பிளாக் ஆனவர் போய்க் கேட்க விதியும் இல்லை. மானியம் கொடுப்பதில் கெட்டிக்காரத்தனம் காட்டும் தமிழ்நாடு, உரிமையைச் சட்டமாக எழுதுவதில் இந்த ஓர் இடத்தில் பெங்களூரின் பின்னால் நிற்கிறது.

இரண்டு சட்டங்களுக்கும் நடுவே விழுந்துவிடுகிறவர்களும் உண்டு. 2023 அக்டோபர் 7-இல் அத்திப்பள்ளிப் பட்டாசுக் கடையில் தீப்பிடித்தபோது இறந்த பதினான்குக்கும் மேற்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் தமிழ்நாட்டு இளைஞர்கள். தீபாவளிக்கு முன் சில வாரம் சம்பாதித்துக் கல்லூரிக் கட்டணம் கட்டலாம் என்று வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்களுக்கு 480 நாளும் இல்லை, 240 நாளும் இல்லை. எந்தப் பதிவேட்டிலும் பெயர் ஏறுமுன் உயிர் போனது. பருவகால வேலைக்கு ஆள் எடுக்கும் ஒவ்வொரு முதலாளியும் முதல் நாளே பெயரை எழுதி, சம்பளத்தையும் காப்பீட்டையும் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியாது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு மத்தியத் தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் அமலுக்கு வந்துவிட்டன. இனி மாநில வித்தியாசம் போய்விட்டது என்று சில ஆலோசகர்கள் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். அது சரியல்ல. குறைந்தபட்சக் கூலிச் சட்டம், தொழிற்சாலைகள் சட்டம், ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் போன்ற மத்தியச் சட்டங்கள் அந்தத் தொகுப்புகளுக்குள் போய்விட்டன. ஆகவே கர்நாடகம் 2023-இல் திருத்திய பன்னிரண்டு மணி நேர விதியின் தாய்ச் சட்டமே இப்போது பழையதாகிவிட்டது. ஆனால் கடைகள் சட்டங்கள், விடுமுறைச் சட்டங்கள், தமிழ்நாட்டின் நிரந்தரத் தகுதிச் சட்டம் எல்லாம் மாநிலங்கள் தாமே இயற்றியவை. தொகுப்புகளின் ரத்துப் பட்டியலில் இவை இல்லை. புதிய தொகுப்புகள் குறிப்பிட்ட காலப் பணியாளருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை தருகின்றன, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் மொத்தத்தில் பாதியாவது இருக்க வேண்டும் என்கின்றன. நல்ல மாற்றங்கள். ஆனால் குறிப்பிட்ட காலப் பணி என்ற வாசல் அகலமாகத் திறந்துவிட்டதால், ஓசூரில் 480 நாள் கணக்கும் இந்தக் காலவரைப் பணியும் மோதப்போவது நிச்சயம். அந்த வழக்குகள் வருமுன் முதலாளிகள் தங்கள் பதிவேட்டைத் திறந்து, கான்ட்ராக்ட், பயிற்சியாளர், காலவரை என்று எழுதிய ஒவ்வொருவரும் உண்மையில் என்ன வேலை செய்கிறார், எத்தனை நாளாகச் செய்கிறார் என்று பார்த்துவிடுவது நல்லது.

கர்நாடகம் செய்ய வேண்டியது 480 நாள் போன்ற ஒரு விதியைத் தன் தொழிற்சாலைகளுக்கு எழுதுவது. பௌரகார்மிகர்களுக்கு ஆணை கொடுத்த அரசுக்குப் பெங்களூரின் பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும் நிற்பவர்களுக்கு அதைச் சட்டமாகக் கொடுக்கும் துணிவு வர வேண்டும். தமிழ்நாடு செய்ய வேண்டியது டெலிவரித் தொழிலாளருக்கு வாரியத்தைத் தாண்டிய ஒரு சட்டம்: கம்பெனி கட்ட வேண்டிய கட்டணம், பிளாக் செய்யுமுன் நோட்டீஸ், அதோடு கர்நாடகம் எழுதாமல் விட்ட காத்திருப்பு நேரக் கூலியும். அத்திப்பள்ளி உணவகத்தில் வாங்கிய பார்சலை ஜூஜுவாடி வீட்டில் கொடுக்கும் பையனுக்கு, பார்சலை வாங்கிய இடத்தில் ஒரு நலநிதியும் பதினான்கு நாள் பாதுகாப்பும் மாநிலச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. கொடுத்த இடத்தில் அப்படி ஏதும் எழுதவில்லை. இந்த இடைவெளியை மூடச் சென்னைச் சட்டமன்றத்தின் ஒரு கூட்டத்தொடர் போதும்.